மாவினால் செய்த கோழி

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியத்தில் ஓர் அரசன் தேவிக்குக் கோழி பலியிடுகிறான். உயிர்க்கோழியன்று, மாவினால் செய்தது. கொலைக்கு மனம் ஒவ்வாத யசோதரன் தாய் சந்திரமதியின் சொல்லைத் தட்ட முடியாமல் அதற்கு இசைந்தான். ஒரு சொட்டுக் குருதியும் சிந்தவில்லை. ஆயினும் தாயும் மகனும் முறையே நாயும் மயிலுமாகத் தொடங்கி, விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர். கடுமையான தீர்ப்பென்று தோன்றலாம். ஆனால் கோழியென்றே எண்ணி வாளை ஓங்கிய அந்த மனத்தைத்தான் காவியம் விசாரிக்கிறது.

சமண நூலான தத்துவார்த்த சூத்திரமும் இம்சையை உயிரிழப்பை மட்டும் கொண்டு வரையறுக்கவில்லை. கவனமின்மையால் உயிரைப் போக்குவதே இம்சை என்கிறது. அதனால்தான் திகம்பர முனிவர் முன்னே நான்கு முழத் தரையைப் பார்த்து நடக்கிறார். உட்காருமுன் மயிற்பீலியால் இடத்தை மெல்ல வருடுகிறார். அப்பீலியும் மயில் தானாக உதிர்த்த இறகுகளால் கட்டியது. மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் பெருகுவதால் நான்கு மாதம் ஓரூரிலேயே தங்கிவிடுகிறார்.

இல்லறத்தார் நோன்புகளில் என்னை மிகவும் நெகிழ்விப்பது தண்ணீரைப் பற்றியது. தடித்த துணியை இரண்டாக மடித்து நீரை வடிகட்டுவார்கள். வேலை அதோடு முடிவதில்லை. துணியில் தங்கிய நுண்ணுயிர்களை நீர் விட்டு அலசி, மொண்ட கிணற்றிலேயே பதமாக இறக்கிவிட வேண்டும். வேறு நீரில் விட்டால் அவை பிழைக்கமாட்டா. வடித்த நீரையும் 48 நிமிடங்கள் கடந்தால் மறுபடி வடிக்க வேண்டும். நாம் நம் உடல்நலம் கருதி நீரை வடிகட்டுகிறோம். இவர்களோ நீரில் வாழ்வனவற்றின் நலத்தையும் கருதினார்கள். பொழுது சாயுமுன் உண்பதும், தேனையும் கிழங்குகளையும் விலக்குவதும் இதே பரிவின் தொடர்ச்சி.

வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரங்களின் தமிழ்ச் சமணருள் பலர் வழிவழியாக உழவர்கள். ஏர் ஓடும் நிலத்தில் புழு மடியாதா? இக்கேள்வியை அறநூல்கள் ஒளிக்கவில்லை. வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என இம்சையை நான்காகப் பகுத்தன. முதலாவதை இல்லறத்தார் அறவே விட வேண்டும். மற்றவற்றை இயன்றமட்டும் குறைக்க வேண்டும். இதைச் சமரசம் என்போர் உண்டு, நான் உடன்படமாட்டேன். சோறு விளைவிப்பவனும் கைக்கொள்ளத்தக்கதாக நோன்பை வகுத்தது பெருஞ்செயல்.

இவ்வட்டாரங்களின் பெரியவர்கள் நீர் வடித்த முறையையும் உழவில் காட்டிய கவனத்தையும் இளம் ஆய்வாளர்கள் நேரில் கேட்டு எழுதிவைக்க வேண்டுகிறேன்.