முஹிபா நடனம்

முஹிபா நடனம் என்பது மலாய், சீனர், இந்தியர், சபா சரவாக் பூர்வகுடியினரின் ஆட்டங்களை ஒரே மேடையில் தொடுத்து, இறுதியில் அனைவரும் சேர்ந்தாடும் மலேசியக் கூட்டு நிகழ்த்துகலை. ‘முஹிபா’ என்பது நல்லிணக்கத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல். பண்பாட்டு விழாக்களிலும் தேசிய தினத்திலும் இடம்பெறும்.

மலாய் ஜோகெட், ஹத்ராமவுத் அரபியர் வழிவந்த ஸாப்பின், சீன விசிறி நடனம், கோலாட்டம், பாங்ரா, கடசான்-டூசுன் மக்களின் சுமசாவ், இபான் மக்களின் ஙாஜாட் முதலியவை இதன் கூறுகள். இவற்றை ஒன்றிணைக்கையில் தாளம் பொருத்துவதே கடினம். ஜோகெட்டில் இரண்டன் நடையும் மூன்றன் நடையும் பின்னிவரும். கோலாட்டத்திலோ கோல்கள் மோதும் ஒலியே தாளம், ஒரு கை பிந்தினாலும் வட்டம் குலையும். சுமசாவில் கைகள் பறவைச் சிறகுபோல் விரிந்து மெல்ல அசையும்.

1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாடு, இவ்வட்டாரப் பூர்வீகப் பண்பாட்டை அடித்தளமாக்கி, பிற பண்பாடுகளின் பொருத்தமான கூறுகளை ஏற்கலாம் என வகுத்தது. கூட்டு ஆட்டம் அரசு மேடைகளில் வேரூன்றிய பின்னணி இதுவே.

பேராக்கின் தென்முனையில், பெர்ணம் ஆற்றங்கரையிலுள்ள தஞ்சோங் மாலிமில் 1922இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்துகலை கற்பிக்கப்படுகிறது. வருங்கால ஆசிரியர்கள் பயிலும் இடமாதலால் இத்தகைய கலைகளைப் பொறுத்தவரை இவ்வூருக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

முஹிபா நடனத்தின் இந்தியப் பகுதியைப் பரதமும் பாங்ராவுமே பெரிதும் நிரப்புகின்றன. ரப்பர்த் தோட்டத் தமிழர் கோயில் திருவிழாக்களில் வளர்த்த கரகமும் தப்பாட்டமும் இம்மேடையில் இன்னும் உரிய இடம் பெறவில்லை.