ஆறு வயர் புராணம்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க மக்களே.

போன ஞாயித்துக்கிழமை ஹாலைச் சுத்தம் பண்ணும்போது தங்கமணி ரிசீவருக்குப் பின்னாடி எட்டிப் பாத்துட்டாங்க. "இந்த வயர் குப்பையைக் கழட்டித் தூக்கிப் போட்டா என்ன? எல்லாத்துக்கும் ஒத்தை வயர் போதும்னு நீங்கதானே சொன்னீங்க?" நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம்.

1982-இல் விற்பனைக்கு வந்த சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டே சேனல். அதைத் தாண்ட இரண்டு கட்சிகள் கிளம்பின. சோனியும் பிலிப்ஸும் 1999-இல் சூப்பர் ஆடியோ சிடியைக் கொண்டுவந்தார்கள். இதில் ஒரே பிட்தான், ஆனால் நொடிக்கு 28,22,400 தடவை. சிடியைவிட 64 மடங்கு வேகம். எதிர்க்கட்சி டிவிடி ஆடியோ, 2000-இல் வந்தது. 24 பிட், ஆறு சேனலுக்கு 96 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் போதுமென்றால் 192 வரை. இரண்டு வட்டுகளிலும் 5.1 ஒலி வைக்க இடமிருந்தது. முன்னால மூணு, பின்னால ரெண்டு, பேஸுக்கு ஒண்ணு.

வட்டு ரெடி, பிளேயர் ரெடி. ரிசீவருக்கு எப்படிக் கொண்டு போறது?

ஆப்டிகல், கோஆக்சியல் என்று டிஜிட்டல் வழி ஏற்கனவே இருந்தது. ஆனால் சுருக்காத ஒலி என்றால் அதில் இரண்டு சேனல் மட்டுமே போகும். ஆறும் போகணும்னா டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் மாதிரி சுருக்கித்தான் அனுப்பணும். ஆறு சேனல், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். பெருக்கிப் பாருங்க, நொடிக்கு சுமார் 1.38 கோடி பிட். சந்துக்குள்ள லாரி நுழையாதுங்க.

அகலமா ரோடு போட்டிருக்கலாமே? போடலாம்தான், ஆனால் பயம். டிவிடி படங்களின் பூட்டை 1999-இல் டிசிஎஸ்எஸ் என்ற குட்டி நிரல் உடைத்துவிட்டது. டிவிடி ஆடியோவின் வெளியீடே அதனால் தள்ளிப்போய், வேறு பூட்டோடு வந்தது. ஸ்டூடியோ தரப் பாட்டைப் பூட்டில்லாத டிஜிட்டல் வயரில் விட இசை நிறுவனங்கள் தயாரில்லை. அதனால் பிளேயரே ஒலியை அனலாக்காக மாற்றி, சேனலுக்கு ஒண்ணு வீதம் ஆறு வயரில் அனுப்ப வேண்டியதாயிற்று.

அய்யா செகண்ட் ஹேண்டில் ஒரு பிளேயர் வாங்கி, ஆறையும் மாட்டி, பெருமையா ஒரு ஜாஸ் வட்டைப் போட்டேன். டிரம்ஸ் பிரமாதம், பின்னாடி கைதட்டல் பிரமாதம். தங்கமணி கேட்டாங்க: "பாடுறவங்க எங்க போனாங்க?" மூணு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். கடைசியில பார்த்தா, சென்டர் வயர் சப்வூஃபர் துளையில! டிஜிட்டல் என்றால் எந்தச் சேனல் எதுன்னு தகவலும் கூடவே போயிடும். இங்கே நாமதான் கலர் டேப் ஒட்டிக்கணும். இன்னொரு தலைவலியும் உண்டு. பல ரிசீவர்கள் இந்த ஆறு துளைக்கு வால்யூமைத் தவிர வேறெதுவும் செய்யாது. ஸ்பீக்கர் தூரம், பேஸைப் பிரிப்பது எல்லாம் பிளேயர் பாடு. அதுல அந்த வசதி இல்லைன்னா அம்பேல்.

பிறகு சில விலை உயர்ந்த பிளேயர்களில் பூட்டு போட்ட ஃபயர்வயர் வந்தது. எச்டிஎம்ஐ 1.1 (2004) டிவிடி ஆடியோவுக்கு வழிவிட்டது, 1.2 (2005) சூப்பர் ஆடியோ சிடிக்கும் விட்டது. ஒத்தை வயர்! ஆனால் அதற்குள் ஊரே ஐபாடை எடுத்துக் காதில் மாட்டியாச்சு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

எனக்கு ஆறாத வருத்தம் இதுதான். 1999-இல் நாப்ஸ்டர் வந்ததிலிருந்து ஓசியில் எம்பி3 இறக்கினவன் எந்த வயரோடும் மல்லுக்கட்டவில்லை. பூட்டு மாட்டியது காசு கொடுத்து வட்டு வாங்கினவன் கையில்தான். வாடிக்கையாளரைத் திருடனாகப் பார்த்த கடை, வாடிக்கையாளரையும் இழந்தது.

எல்லாமே வீண் இல்லை. டிவிடி ஆடியோவில் தரம் குறையாமல் சுருக்கிய மெரிடியனின் எம்எல்பி நுட்பம், டால்பி ட்ரூஎச்டியாகி புளூ-ரேயில் வாழ்கிறது. சூப்பர் ஆடியோ சிடியும் கொஞ்சமா, முக்கியமா மேற்கத்திய செவ்வியல் இசைக்கு, இன்னும் வந்துக்கிட்டிருக்கு.

என் பிளேயரில் எச்டிஎம்ஐ கிடையாது. அந்த ஆறைப் பிடுங்கினால் ஆறு சேனலும் ஊமை. தங்கமணி முழுசாக் கேட்டுட்டு, "சரி, தூசியாவது தட்டுங்க"ன்னுட்டாங்க. தட்டிட்டேன். இந்தத் தடவை பாடுறவங்க காணாமப் போகலை :-)