நெம்புகோல் ரைபிள் (கைத்துப்பாக்கித் தோட்டா வகை)

நெம்புகோல் ரைபிள் என்பது, விசைக் காப்பு வளையத்துடன் இணைந்த நெம்புகோலைக் கையால் இயக்கி ஒவ்வொரு தோட்டாவாக நிரப்பிச் சுடும் நீண்ட குழல் துப்பாக்கி ஆகும். இவற்றுள் ஒரு பிரிவு ரிவால்வர் எனப்படும் சுழல் கைத்துப்பாக்கிகளுக்கென உருவாக்கப்பட்ட தோட்டாக்களையே பயன்படுத்துகின்றது. .357 மேக்னம், .44 மேக்னம், .45 கோல்ட் ஆகியன இன்று இப்பிரிவில் பரவலாகக் காணப்படும் அளவுகள். இக்கட்டுரை இவ்வகைத் துப்பாக்கியின் இயக்கம், வரலாறு, தெரிவின்போது கருதவேண்டியவை, இந்தியச் சட்டத்தில் இதன் நிலை ஆகியவற்றை விளக்குகின்றது.

இயங்குமுறை

நெம்புகோலைக் கீழ்நோக்கி முன்னே தள்ளும்போது போல்ட் பின்னோக்கி நகர்கின்றது. அது சுடப்பட்ட தோட்டாவின் வெற்று உறையை வெளியேற்றி, சுத்தியலையும் பின்னுக்குத் தள்ளி நிறுத்துகின்றது. நெம்புகோலை மீண்டும் இழுத்து மூடும்போது, தூக்கி எனப்படும் உறுப்பு உயர்த்தித் தரும் புதிய தோட்டாவைப் போல்ட் குழலறைக்குள் செலுத்திப் பூட்டுகின்றது. ஒவ்வொரு முறை சுடுவதற்கும் இச்செயலைக் கையால் செய்ய வேண்டியிருப்பதால் இது தானியங்கித் துப்பாக்கி அல்ல.

தோட்டாக்கள் பெரும்பாலும் குழலின் கீழே அமைந்த நீண்ட குழாயில், ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. இவ்வமைப்பில் ஒரு தோட்டாவின் முனை முன்னுள்ள தோட்டாவின் பொறிமூடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். முனை கூரியதாக இருந்தால், சுடும்போது ஏற்படும் அதிர்வில் குழாய்க்குள்ளேயே தோட்டா வெடிக்கக்கூடும். எனவே தட்டையான முனை கொண்ட குண்டுகளையே பயன்படுத்துதல் வேண்டும்.

வரலாறு

பெஞ்சமின் டைலர் என்றி என்பவர் 1860ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற என்றி ரைபிள் இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. இதன் குழாயில் 16 தோட்டாக்களை நிரப்ப முடிந்தது. ஆயினும் குழாயை முன்புறமிருந்தே நிரப்ப வேண்டியிருந்தது. 1866இல் வெளிவந்த வின்செசுட்டர் ரைபிளில் பக்கவாட்டு நிரப்பு வாயில் சேர்க்கப்பட்டு இக்குறை நீங்கியது.

வின்செசுட்டர் 1873 ரைபிள் .44-40 என்னும் நடுப்பொறித் தோட்டாவுடன் வந்தது. சில ஆண்டுகளில் கோல்ட் நிறுவனமும் தன் ரிவால்வரை இதே தோட்டாவுக்கு ஏற்ப வெளியிட்டது. ஒரே வகைத் தோட்டாவை இடுப்புப் பட்டையில் வைத்துக்கொண்டு இரு ஆயுதங்களுக்கும் பயன்படுத்த முடிந்தமையே இவ்வகையின் வெற்றிக்கு முதன்மைக் காரணம்.

யோன் பிரௌனிங் வடிவமைத்த வின்செசுட்டர் 1892, இரண்டு செங்குத்துப் பூட்டுக் கட்டைகளால் போல்ட்டை உறுதியாகப் பூட்டியது. இவ்வலிமையினால்தான் பிற்காலத்தில் உருவான உயரழுத்த மேக்னம் தோட்டாக்களுக்கும் இவ்வடிவம் பொருந்தியது. .357 மேக்னம் 1930களின் நடுப்பகுதியிலும், .44 மேக்னம் 1955இலும் அறிமுகமாயின.

தோட்டா அளவுகள்

• .357 மேக்னம்: பின்னுதைப்பு குறைவு. இதே குழலில் .38 சுபெசல் தோட்டாவையும் சுடலாம் என்பது பெரும் வசதி. 10.2 கிராம் குண்டு, குட்டையான ரிவால்வர் குழலில் நொடிக்கு ஏறத்தாழ 375 மீட்டர் வேகம் பெறுகின்றது. ரைபிள் குழலில் அது 540 மீட்டர் வரை உயர்கின்றது. வேகத்தின் இருபடிக்கேற்ப ஆற்றல் மாறுவதால், குண்டின் ஆற்றல் ஏறத்தாழ இருமடங்காகின்றது.

• .44 மேக்னம்: 15.6 கிராம் குண்டு ரைபிளில் நொடிக்கு 530 மீட்டர் அளவு வேகம் பெறும். மான், காட்டுப்பன்றி போன்ற விலங்குகளை வேட்டையாடச் சட்டம் இடமளிக்கும் நாடுகளில் விரும்பப்படுகின்றது. பின்னுதைப்பு மிகுதி.

• .45 கோல்ட்: 1870களின் தோட்டா. அதன் தொடக்ககால உறையின் விளிம்பு மிகச் சிறியதாக இருந்ததால், அக்கால நெம்புகோல் ரைபிள்களில் அதைப் பிடித்து வெளியேற்றுவது எளிதாக இருக்கவில்லை. இன்றைய உறைகளில் விளிம்பை ஒட்டிப் பள்ளம் இருப்பதால் இச்சிக்கல் இல்லை.

இம்மூன்றும் ஏறத்தாழ 100 மீட்டர் வரையான தொலைவுக்கே ஏற்றவை. அதற்கு அப்பால் தட்டை முனைக் குண்டு விரைவில் வேகத்தை இழந்து தாழ்கின்றது.

தற்கால உருவாக்கங்கள்

பிரேசிலின் ரோசி நிறுவனம் 1892 வடிவத்தைத் தழுவிய ரைபிள்களை உருவாக்குகின்றது. விலை ஒப்பீட்டளவில் குறைவு. இத்தாலியின் உபெர்ட்டி நிறுவனம் 1873 வடிவத்தை மீளுருவாக்கம் செய்கின்றது. மார்லின் 1894 மூடிய மேற்பகுதி உடையது; வெற்று உறை பக்கவாட்டில் வெளியேறுவதால் தொலைநோக்கியை மேலே பொருத்துவது எளிது. ரெமிங்டன் நிறுவனம் 2020இல் திவாலானபோது மார்லின் பெயரை உரூகர் நிறுவனம் வாங்கி உற்பத்தியைத் தொடர்ந்தது. அமெரிக்காவின் இன்றைய என்றி நிறுவனம் 1990களில் தொடங்கப்பட்டது. பெயரைத் தவிர, 1860இன் என்றியுடன் இதற்குத் தொடர்பில்லை. சிமித் அன்ட் வெசன் நிறுவனமும் 2024இல் 1854 என்னும் பெயரில் இவ்வகை ரைபிளை வெளியிட்டது.

தெரிவின்போது கருதவேண்டியவை

• தோட்டா கிடைத்தல்: துப்பாக்கியைவிட இதுவே முதன்மையானது. தொடர்ந்து கிடைக்காத தோட்டாவுக்கான துப்பாக்கி பயனற்றது.

• பூட்டு அமைப்பு: 1873 வடிவத்தின் மடக்கு இணைப்பு மென்மையாக இயங்கும்; பழைய அமெரிக்க மேற்குப் பாணியில் நடைபெறும் விரைவுச் சுடுபோட்டிகளில் விரும்பப்படுகின்றது. உயரழுத்தத் தோட்டாக்களைத் தொடர்ந்து சுடுவோருக்கு 1892, 1894 வடிவங்கள் ஏற்றவை.

• குழல் நீளம்: 16 அங்குலக் குழல் இலகுவானது. 20 அங்குலக் குழலில் பொதுவாக 10 தோட்டாக்கள் கொள்ளும். குறிக்காட்டிகளுக்கிடையே தொலைவு கூடுவதால் குறிபார்ப்பதும் எளிது.

• குட்டைத் தோட்டாக்கள்: .357 குழலில் .38 சுபெசலை மட்டுமே நெடுநாள் சுட்டால் குழலறையில் கரி வளையம் படியும். சுத்தம் செய்யாவிடில் நீளமான தோட்டா இறுகக்கூடும். சில ரைபிள்களின் தூக்கி குட்டைத் தோட்டாவைச் சரிவர ஏற்றாது என்பதால் வாங்குமுன் இரு வகைகளையும் சோதித்துப் பார்த்தல் நன்று.

• பாதுகாப்பு: குழாய் வெறுமையானாலும் குழலறையில் ஒரு தோட்டா எஞ்சியிருக்கலாம். நெம்புகோலை முழுவதும் திறந்து கண்ணால் பார்த்து உறுதி செய்தல் வேண்டும்.

இந்தியாவில்

இந்தியாவில் நெம்புகோல் ரைபிள்கள் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் வேட்டையாடுவோரிடம் இருந்தன. இன்றைய கிருட்டிணகிரி மாவட்டத்து ஜவளகிரி உள்ளிட்ட காடுகளில் ஆட்கொல்லி விலங்குகளை வேட்டையாடிய எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பயன்படுத்தியது .405 வின்செசுட்டர் 1895 ரைபிள். இதுவும் நெம்புகோல் வகையே. எனினும் இதன் தோட்டா கைத்துப்பாக்கிக்குரியது அன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை முடிவுக்கு வந்தது.

படைக்கலச் சட்டம் 1959இன்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை ஐந்தாண்டுகளாக நீட்டித்தது. .303, 7.62 மிமீ, 9 மிமீ போன்ற படைத்துறைத் தோட்டாக்களைச் சுடக்கூடியவை தடைசெய்யப்பட்ட அளவுகளுள் அடங்கும். எனவே தோட்டா அளவு என்பது இங்கு விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று; அது சட்டச் சிக்கலும் ஆகும்.

1980களின் நடுப்பகுதியிலிருந்து தனியாட்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. தேர்ந்த சுடுதல் விளையாட்டு வீரர்களுக்கே விலக்கு உண்டு. ஒலிம்பிக் சுடுதல் போட்டிகளில் நெம்புகோல் ரைபிளுக்குப் பிரிவு இல்லை. அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்காக உருவாக்கிய நன்கறியப்பட்ட ரைபிள், இச்சாப்பூரின் .315 போல்ட் ரைபிள் ஆகும். ஆகவே நெம்புகோல் ரைபிளை நாடும் இந்தியர் பெரும்பாலும் உரிமத்துடன் கைமாறும் பழைய துப்பாக்கிகளையே எதிர்கொள்கின்றார்.

குடும்பத்தில் எஞ்சிய துப்பாக்கி

உரிமதாரர் இறந்தபின் அவரது துப்பாக்கியை வாரிசு உரிமமின்றி வீட்டில் வைத்திருக்க முடியாது. நினைவுப் பொருள் என்ற எண்ணம் சட்டத்தின் முன் செல்லாது. சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அதைக் காலந்தாழ்த்தாது அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, பின்னர் தம் பெயரில் உரிமம் கோருதல் வேண்டும். சென்னையின் தென்புறநகரான அனகாபுத்தூரில் வசிப்பவர் இதற்கென அப்பகுதிக் காவல் நிலையத்தை அணுகலாம். உரிமமின்றி வைத்திருப்பதற்கு, 2019 திருத்தத்தின்படி, பொதுவாக இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படலாம். தடைசெய்யப்பட்ட அளவாயின் தண்டனை இன்னும் கடுமையானது. எனவே குழலில் பொறிக்கப்பட்டுள்ள தோட்டா அளவையும் வரிசை எண்ணையும் உரிம ஆவணத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது முதற்பணியாகும்.

இவற்றையும் பார்க்க

• துப்பாக்கி
• ரிவால்வர்
• தோட்டா
• கென்னத் ஆண்டர்சன்
• படைக்கலத் தொழிற்சாலை, திருச்சிராப்பள்ளி