ஒண்டிவீரனைப் படமெடுப்பது எப்படி?

2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. அதில் ஒன்று எங்கள் ராஜபாளையம் நாய். ராஜபாளையத்துக்குத் தெற்கே, நெற்கட்டும்செவலில் பூலித்தேவனின் படைத்தளபதியாக இருந்த ஒண்டிவீரன் அஞ்சல் தலையில் வந்தது 2022 ஆகஸ்ட் 20 அன்று, அவருடைய 251ஆவது நினைவு நாளில். நாயின் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை தோழர்களே.

அந்த ஒண்டிவீரனைப் பற்றி ஆவணப் புகைப்பட நூல் ஒன்றைக் கொண்டுவர, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அருந்ததியர் தெருக்களில் கேமராவோடு அலைந்துகொண்டிருக்கிறோம். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: "அவருக்குத்தான் போட்டோவே கிடையாதே?" நியாயமான கேள்வி. அவர் இறந்தது 1771இல். கேமரா உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். ஆகஸ்ட் மாதப் பதாகைகளில் நாம் பார்க்கும் முகம் ஓவியர்கள் தந்தது.

ஆனால் கதை இருக்கிறது. தென்மலையில் தங்கியிருந்த கும்பினிப் படையின் பாசறைக்குள் தனியாளாகப் போகிறார். வைக்கோலுக்குள் பதுங்கிக் கிடக்கிறார். குதிரை கட்ட அடித்த முளை அவர் கையில் இறங்குகிறது. சத்தம் போடாமல் கையை வெட்டிக்கொண்டு, பட்டத்து வாளோடும் குதிரையோடும் திரும்புகிறார். தெருவுக்குத் தெரு கொஞ்சம் மாறும். இந்தக் கதையைக் காப்பாற்றி வைத்தவர்களைத்தான் நாங்கள் படமெடுக்கிறோம்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய பழைய வரலாறு ஒன்று உண்டு. முத்துப்பட்டன் கதையைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்தார். பிராமணனான பட்டன், வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கச் செருப்புத் தைக்கிறவனாகிறான். அது பொறுக்காதவர்கள், அந்தப் பெண்களே பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று கதையை மாற்றினார்கள். மதுரைவீரனுக்கும் இதே கதி. 1956இல் வந்த எம்.ஜி.ஆர். படத்திலும் அவன் அரண்மனையில் பிறந்து சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன்தான். பெயர் நம்முடையது, பிறப்பு அவர்களுடையது!

கேமரா செய்தது நேர் எதிர். வெள்ளை அரசு 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளில் 'இந்திய மக்கள்' என்ற புகைப்பட வரிசையை வெளியிட்டது. பெரும்பாலான படங்களுக்குக் கீழே இருப்பது சாதி அல்லது இனத்தின் பெயர். ஆளின் பெயர் இல்லை. மூக்கை அளந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகள் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் போட்டார். அங்கே நம் பாட்டன்மார் மாதிரிப் பொருட்கள்.

ஆகவே எங்கள் சண்டையெல்லாம் படத்துக்குக் கீழே வரும் இரண்டு வரியில். அச்சிட உதவ முன்வந்த ஒருவர், அட்டையில் 'அருந்ததியர்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் "பொதுவான வீரராக" எல்லோரும் வாங்குவார்கள் என்றார். உதவி வேண்டாம் என்று வந்துவிட்டோம். பணம் இன்னும் சேரவில்லை.

தவறு எங்கள் பக்கமும் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில், அரசு முத்திரையில் இருக்கும் அந்தக் கோபுரம் பின்னால் தெரிய, துப்புரவுப் பணி செய்யும் அக்கா ஒருவரை விளக்குமாறோடு எடுத்திருந்தோம். படம் அபாரம் என்று எங்களுக்குள் ஒரே பேச்சு. அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டினோம். அக்கா வெகுநேரம் பார்த்தார். தாத்தா சொன்ன கதையைச் சொல்லத்தானே உங்களை வீட்டுக்குள் கூப்பிட்டேன், இதை எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. தர்ஸ்டனைத் திட்டிக்கொண்டே நாங்களும் அதையேதான் செய்திருந்தோம்.

அந்தப் படத்தை நீக்கிவிட்டோம். இப்போது நூலில் இருப்பது, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, முளை இறங்கிய இடத்தைத் தன் உள்ளங்கையில் தொட்டுக் காட்டும் அக்காவின் படம். கீழே என்ன எழுத வேண்டும் என்று அவரே சொன்னார்: அவர் பெயர், தாத்தா பெயர், பிறகு ஒண்டிவீரன் பெயர்.