ஜிப்சம் பலகை இணைப்பு: எந்தப் பூச்சுக்கு எந்த அளவுக் கத்தி?

பண்டிகைக்கு முன் வீட்டில் ஜிப்சம் பலகையால் தடுப்புச்சுவர் எழுப்புவோர் உண்டு. சாயம் பூசி விளக்கைப் போட்டதும் இரு பலகைகள் சேரும் இடம் கோடாகப் புடைத்துத் தெரிந்தால், சுரண்டிவிட்டு மறுபடியும் பூச வேண்டும். கூலியும் இரட்டிப்பாகும். பூச்சுக் கத்தியின் அகலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது.

பலகையின் நீள விளிம்புகள் சற்று மெலிந்திருக்கும். இரண்டு சேரும்போது ஆழமற்ற பள்ளம் உண்டாகும். அதில் நாடா பதித்து, படிப்படியாக அகலமாகப் பூசிச் சமமாக்க வேண்டும்.

4 அங்குலம்: உள்மூலைகளுக்கும் குறுகலான இடங்களுக்கும் ஏற்றது.

6 அங்குலம்: நாடா பதிக்கும் முதல் பூச்சுக்கும் திருகாணித் தலைகளை மூடவும் ஏற்றது. காகித நாடாவின் அகலம் ஏறக்குறைய 2 அங்குலம். 6 அங்குலக் கத்தி அதை முழுதாக மூடும். கையழுத்தமும் சீராக இறங்கும். நாடாவின் அடியில் பூச்சு இல்லாவிட்டால் குமிழ் விட்டு உரிந்துவிடும்.

8 அல்லது 10 அங்குலம்: இரண்டாம் பூச்சுக்கு.

12 அங்குலம்: கடைசிப் பூச்சுக்கு. கத்தியின் இரு முனைகளும் பள்ளத்துக்கு வெளியே பலகை மீது தாங்கி நிற்பதால் நடுப்பகுதி சமமாகும். சிறிய கத்தியால் முடித்தால் வரிவரியாகத் தடம் விழும்.

பலகையின் குறுகிய முனைகள் சேரும் இடத்தில் கவனம் தேவை. அங்கே மெலிவு இல்லாததால் நாடாவே மேடாகிவிடும். எனவே 12 அங்குலக் கத்தியால் இருபுறமும் ஏறக்குறைய ஓர் அடி வரை மெல்லியதாகப் பரப்ப வேண்டும்.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் 6, 12 அங்குலக் கத்திகளை மட்டும் வாங்கினாலும் சமாளிக்கலாம். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து வையுங்கள். துருவேறிய அல்லது பல் விழுந்த விளிம்பு பூச்சில் கோடு போடும்.

குழைத்து வாளியில் விற்கப்படும் பூச்சு நீர் வற்றித்தான் காயும். மழைக்காலத்தில் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ஈரத்தின் மீது அடுத்த பூச்சைப் போடாதீர்கள். தேய்க்கும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். என்95 முகக்கவசம் அணியுங்கள். அகலமான கத்தியால் ஒழுங்காக முடித்த இணைப்பில் தேய்ப்பதும் குறையும், தூசும் குறையும்.

சாயம் பூசுவதற்கு முன், டார்ச் விளக்கைச் சுவரையொட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மேடு இருந்தால் நிழல் விழும். அப்போதே சரிசெய்வது எளிது.