செரோட்டோனின்: குடலிலிருந்து கருவறை வரை ஒரு வரலாறு



அண்மையில் பெற்றோர் சந்திப்பு நாளில், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் மாணவன் ஒருவனின் தாயார் எல்லாரும் சென்ற பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டீச்சர், இவன் வயித்துல இருந்தப்போ மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டேன். அதனாலதான் இவன் இப்படி இருக்கானா?"

நான் மருத்துவர் அல்லேன். மருத்துவரிடம் கேளுங்கள் என்றுதான் கூறினேன். எனினும் அக்கேள்வி மனத்தை விட்டு நீங்கவில்லை. மனச்சோர்வு மருந்துகளுள் பல, செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளின் மீது செயல்படுபவை. அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே பகிர்கிறேன்.

இப்பொருள் முதலில் மூளையில் கண்டறியப்படவில்லை. 1930-களில் இத்தாலிய அறிஞர் விட்டோரியோ எர்ஸ்பாமர், குடற்சுவரின் சில உயிரணுக்களில் தசையைச் சுருங்கச் செய்யும் பொருள் ஒன்றைக் கண்டார். அதற்கு 'எண்டராமின்' என்று பெயரிட்டார். 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் மோரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகிய மூவர், இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பொருளொன்றை இரத்தத்தின் தெளிநீரிலிருந்து பிரித்தெடுத்தனர். தெளிநீரைக் குறிக்கும் 'சீரம்' என்ற சொல்லிலிருந்து 'செரோட்டோனின்' என்ற பெயர் பிறந்தது. இரண்டும் ஒன்றே என்பது 1952-இல் உறுதியாயிற்று.

மூளைக்கு வழிகாட்டியது ஒரு கடற்சிப்பி! பெட்டி டுவாரோக் என்ற இளம் பெண் ஆய்வாளர், சிப்பியின் இறுகிய தசையைத் தளர்த்துவது செரோட்டோனின் என்று கண்டார். சிப்பியின் நரம்புகளுக்கு உதவும் பொருள், பாலூட்டிகளின் மூளையிலும் இருக்கலாமன்றோ? 1953-இல் அவரும் பேஜும் பாலூட்டிகளின் மூளையில் அது இருப்பதை வெளியிட்டனர். அவர் 1952-இலேயே அனுப்பிய சிப்பி ஆய்வுக் கட்டுரையோ 1954-இல்தான் அச்சேறியது.

1964-இல் சுவீடனைச் சேர்ந்த டால்ஸ்ட்ராம், ஃபுக்செ இருவரும் செரோட்டோனின் சுரக்கும் நரம்பணுக்கள் மூளைத்தண்டின் நடுவே கூட்டங்கூட்டமாக அமைந்திருப்பதைக் காட்டினர். இவை கருவில் மிக முன்னதாகவே தோன்றிவிடுகின்றன. செய்தி கடத்த வேண்டிய பொருள், கேட்பதற்குரிய அணுக்கள் முதிருமுன்பே ஏன் வந்து காத்திருக்கிறது? 1978-இல் ஜீன் லாடர், கிரெப்ஸ் ஆகியோர் விடையொன்றை முன்வைத்தனர். கருவுற்ற எலிகளில் செரோட்டோனின் உற்பத்தியைத் தடுத்தபோது, குட்டிகளின் மூளையணுக்கள் பெருகுவதை நிறுத்தி முதிரத் தொடங்கும் நேரம் தள்ளிப்போனது. ஆகவே, செய்தி கடத்துவதற்கு முன்பே அது வளர்ச்சிக்கு நேரம் குறிக்கும் பணியைச் செய்கிறது என்றனர்.

பின்வந்த ஆய்வுகள் இதற்கு வலுவூட்டின. சுண்டெலியின் ஒவ்வொரு மீசை முடிக்கும் மூளைப் புறணியில் தனித்தனிச் சிற்றறை உண்டு. செரோட்டோனினைச் சிதைக்கும் நொதியொன்று இல்லாத எலிகளில் அச்சிற்றறைகள் உருவாகவில்லை என்று 1996-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டனர். பிறந்த முதல் சில நாள்களில் செரோட்டோனினைக் குறைத்தபோது அவை உருவாயின. மிகுதியும் தீங்கே! 2004-இல், பிறந்த சில நாள்களிலிருந்து சில வாரங்கள் ஃபுளுவோக்செட்டின் பெற்ற எலிகள், வளர்ந்த பின் அச்சம் மிக்கனவாக நடந்துகொண்டது தெரியவந்தது. 2011-இல், எலிக்கருவின் முன்மூளைக்குத் தொடக்கத்தில் செரோட்டோனினை அளிப்பது நஞ்சுக்கொடியே என்று அறியப்பட்டது.

இதோடு நிறுத்தினால் அந்தத் தாயார் அஞ்சியது சரியென்றே தோன்றும். ஆனால், வரலாற்றின் மறுபக்கமும் உண்டு. மூளையில் செரோட்டோனினே உற்பத்தியாகாதவாறு மரபணு மாற்றப்பட்ட எலிகள் 2000-களின் இறுதியில் ஆராயப்பட்டன. அவற்றின் உடல் வளர்ச்சி குன்றியது; பல இளமையிலேயே மடிந்தன. எனினும் மூளையின் பொது அமைப்பு குலையவில்லை. செரோட்டோனின் வீட்டைக் கட்டும் கொத்தனார் அன்று. கட்டுமானத்தை நுணுக்கமாகச் சீர்செய்யும் பல கைகளுள் ஒன்று.

எலி வேறு, மனிதன் வேறு. மனிதரிடம் மருந்தின் விளைவையும், அம்மருந்தை உண்ணச் செய்த நோயின் விளைவையும் பிரித்தறிவது மிகக் கடினம். கவனிக்கப்படாத மனச்சோர்வு தாய்க்கும் சேய்க்கும் தீங்கிழைக்கும். எனவே கருவுற்ற தாய்மார் மருத்துவரைக் கேளாமல் மருந்தைத் தாமே நிறுத்திவிடுதல் கூடாது.

மறுமுறை அத்தாயாரைச் சந்தித்தபோது இவற்றை எளிமையாக எடுத்துரைத்தேன். ஒரு பிள்ளையின் படிப்புத் தடுமாற்றத்தை ஒரே பொருளின் மீதோ, ஒரு தாயின் மீதோ சுமத்த அறிவியலில் இடமில்லை என்றேன். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, "அப்போ இவனுக்கு என்ன செய்யலாம், டீச்சர்?" என்று கேட்டார்.

ஆசிரியரால் விடை தேடக்கூடிய கேள்வி அதுவே. தினமும் பள்ளி முடிந்தபின் அரை மணி நேரம் அவனுடன் அமர்ந்து படிக்கத் தொடங்கியிருக்கிறோம்.