மின்தேக்கியில் ஆற்றல் உறையும் இடம்: ஃபிராங்க்ளின் முதல் மேக்சுவெல் வரை

1740களின் இறுதியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், மின்னேற்றிய லைடன் சாடியின் நீரை வேறொரு புட்டியில் ஊற்றினார். அதில் மின்சாரம் இல்லை. பழைய சாடியில் புதுநீர் ஊற்றியபோதோ அதிர்ச்சி கிட்டியது. மின்னாற்றல் கண்ணாடியிலேயே உறைகிறது எனக் கருதிய அவர், சாடியின் வடிவத்துக்கு இதில் பங்குண்டா என அறிய, கண்ணாடிப் பலகையொன்றை இரு ஈயத் தகடுகளுக்கிடையே வைத்தார். பலகையும் சாடியைப் போலவே இயங்கியது. இணைத்தட்டு மின்தேக்கி இவ்வாறு ஓர் ஐயத்தின் விடையாகவே உருப்பெற்றது.

கணக்கீடு நூறாண்டு பிந்தியது. 1853இல் வில்லியம் தாம்சன் வகுத்தபடி, சேமித்த ஆற்றல் மின்னூட்டம், மின்னழுத்தம் ஆகியவற்றின் பெருக்கற்பலனில் பாதி. மின்னேற்றத்தின்போது அழுத்தம் சுழியிலிருந்து சீராக உயர்வதால் அதன் சராசரியே கணக்கில் சேர்கிறது. பாதி வந்த வழி இதுவே. இவ்வாய்பாடு அளவைச் சொல்கிறதேயன்றி இடத்தைச் சொல்வதில்லை. அழுத்தத்தைப் புலச்செறிவு, இடைவெளி ஆகியவற்றின் பெருக்கமாகவும், மின்னூட்டத்தை ஊடகத்தின் விடுதிறன், புலச்செறிவு, தட்டின் பரப்பு ஆகியவற்றின் பெருக்கமாகவும் எழுதினால், பரப்பும் இடைவெளியும் கூடித் தட்டுகளுக்கு இடைப்பட்ட கனஅளவாகின்றன. ஃபாரடேயின் வழிவந்த மேக்சுவெல், 1873இல் வெளியான தம் நூலில், ஆற்றலை அந்த ஊடகத்திலேயே வைத்தார்.

ஃபிராங்க்ளின் சொன்னதும் ஏறக்குறைய அதுவே; அவர் காட்டிய சான்றுதான் நிலைக்கவில்லை. கழற்றத்தக்க உறைகள் கொண்ட சாடியை 1922இல் ஆராய்ந்த அடன்புரூக், ஈரம் படிந்த கண்ணாடிப் பரப்புக்கு மின்னூட்டம் தாவுவதைக் காட்டினார். ஈரம் பற்றாத மெழுகைக் கண்ணாடிக்கு மாற்றாக வைத்தபோது மின்னூட்டம் உலோக உறைகளிலேயே தங்கியது.